இப்ப மூச்ச விடலாம்

டேபிள் ஏறுது. அட, இது இப்படியா குலுங்கும்? நான் பட்டன அமுக்குறப்பல்லாம் சத்தமில்லாம வழுக்கிட்டுப் போகும்னுல்ல நெனச்சிருந்தேன். எத்தன பேர இதுல ஏத்தி எறக்கிருக்கேன், ஒருத்தர்கூட சொல்லலியே, யம்மா முதுகுல தடக்குதுன்னு. சொல்ற நெலமையில யாரு வந்தாங்க. ரெக்சின் சில்லுனு இருக்கு, சுடிதாரத் தாண்டி உள்ள ஏறுது அந்தச் சில்லு. கை ரெண்டும் தலைக்கு மேல. இப்படிக் கைய வெச்சா தோள்பட்ட இந்த இழு இழுக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது, நான்பாட்டுக்கு எல்லாரையும் இன்னும் தூக்குங்க, இன்னும் தூக்குங்கன்னு வெரட்டுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெபினா. நெத்தி மட்டும் தெரியுது, நெத்திக்கு மேல பிளாஸ்டிக் ஷீல்டு, ஷீல்டுல டியூப்லைட்டு. மைக்குல அவ குரல் வருது, "ஏட்டி மாரிக்கனி, நெளியாம கெட. சினிமா போஸ்டருக்கா போஸ் குடுக்க?" நான் சிரிக்கிறேன். சிரிச்சா இருமல் வருது. இருமல முழுங்குறேன். இந்த ஸ்கேன் சென்டர்ல நாங்க ரெண்டு பேருதான் டெக்னீசியன், அவ ஒரு ஷிப்டு நான் ஒரு ஷிப்டு, மத்தியானம் மட்டும் சேந்து இருப்போம்னு இருந்தது, இப்ப வர்ற கூட்டத்துக்கு ரெண்டு பேருமே முழு நாளும். சாப்பாட்டு நேரம், ஒரு பேஷன்டுக்கும் அடுத்த பேஷன்டுக்கும் நடுவுல உள்ள சந்துல என்னத் தூக்கி உள்ள போட்டுட்டா. "மணமே தெரியலட்டி"ன்னு காலைல நான் சொன்னதும் அவ கிண்டல் பண்ணல, அதான் எனக்கு மொத பயம். ஆக்சிஜன் பாக்குற கிளிப்ப எடுத்து வெரல்ல மாட்டுனா, தொண்ணூத்தி நாலு காட்டுச்சு, நான் உடனே நெயில் பாலிஷ்டி, நெயில் பாலிஷ் போட்டா கம்மியாத்தான் காட்டும்னு சொன்னேன், அவ இன்னொரு கையில பாலிஷ் உதிந்த வெரலாப் பாத்து மாட்டுனா. அதுலயும் தொண்ணூத்தி நாலு. அப்பவும் அவ கிண்டல் பண்ணல.

விஷயம் ரொம்ப சிம்பிள். படம் கறுப்பா வந்தா நான் வீட்டுக்குப் போறேன், மாத்திரையப் போட்டுட்டு ரூமுக்குள்ள கெடக்கேன். வெள்ளையா வந்தா பெரியாஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரின்னா பெட்டு இல்ல, பெரியாஸ்பத்திரின்னா வாசல்ல நிக்கிற ஆம்புலன்ஸ் வரிசை, அதுல ஒரு வண்டிக்குள்ள சிலிண்டர் தீர்றதுக்குள்ள உள்ள கூப்புடுவாங்களான்னு பாத்துட்டே கெடக்கறது. நாங்க அனுப்புனவங்கதான் அந்த வரிசையில நிக்கிறாங்க. காலைல ஸ்கூட்டில வர்றப்ப பாக்குறேன், பாக்காத மாதிரி வர்றேன். கறுப்பு நல்லது. கறுப்பு நல்லது கறுப்பு நல்லது. இத நான் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்லிருக்கணும், கோவில்பட்டிலருந்து வந்தாங்களே, காபியக் குடிச்சுட்டு, மிக்சரையும் காலி பண்ணிட்டு, பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மின்னு போன்ல சொன்னாங்களே, அவங்ககிட்ட. உங்க பையன் நெஞ்ச எங்க மெஷின்ல காட்டச் சொல்லுங்க, கறுப்பு எவ்ளோ அழகுன்னு தெரியும்னு. சத்தியமா நுரையீரல் மாதிரி அழகான படம் ஒடம்புல வேற எதுவும் இல்ல. வயிறுன்னா குழம்புச் சட்டிய எட்டிப் பாக்குற மாதிரி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கும். தலைன்னா வெறும் சாம்பல். நுரையீரலு அப்படியில்ல, கரண்ட் போன ராத்திரில மொட்டமாடிலருந்து மேல பாக்குற மாதிரி, அவ்ளோ கறுப்பு, அதுக்குள்ள ரத்தக்குழாய் மட்டும் வெள்ளையா கிளை கிளையா பிரிஞ்சு போகும், இலையில்லாத மரம் மாதிரி, நுனி போகப் போக மெலிசாகி, அப்புறம் கறுப்புக்குள்ள கரைஞ்சிரும். மவுஸ் வீல உருட்டுனா மரம் வளரும், திருப்பி உருட்டுனா மரம் வெதைக்குள்ள போயிரும். வேலைக்குச் சேந்த புதுசுல சாப்பாட்டு நேரத்துல இதத்தான் உருட்டிட்டு இருப்பேன், ஸ்டெபினா டிபன் பாக்ஸ மூஞ்சிக்கு நேர நீட்டி, "நுரையீரலயே கட்டிக்க, மாமியார் தொல்ல இல்ல"ம்பா. இப்ப வர்றவங்க படத்துல அந்த மரத்துமேல பனி விழுது. பனின்னு சொன்னா அழகாயிருது, பனியில்ல. பாத்ரூம் ஜன்னல்ல போடுவாங்களே சொரசொரன்னு ஒரு கண்ணாடி, அந்தப் பக்கம் ஆளு நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது, அந்தக் கண்ணாடிய யாரோ சின்னச் சின்னத் துண்டா ஒடச்சு கறுப்புக்குள்ள அங்கங்க ஒட்டி வெச்ச மாதிரி. மொதல்ல ஓரத்துல. முதுகுப் பக்கம். கீழ்ப் பக்கம். ரெண்டு பக்கமும். டாக்டர் திருநெல்வேலியில வீட்ல இருந்தே படத்தப் பாத்து மார்க் போட்டு அனுப்புவாரு, இருபத்தஞ்சுக்கு எவ்ளோன்னு. மார்க் கொறஞ்சா குடும்பமே சந்தோஷப்படுற ஒரே பரீட்ச இதான். "எனக்கு எட்டு, எங்க மச்சானுக்குப் பதினாலு"ன்னு வெளிய பெஞ்சுல பேசிக்கிறாங்க, என்னமோ மச்சான ஜெயிச்சுட்ட மாதிரி.

சிவப்புக் கோடு வந்திருச்சு. நெஞ்சுக்குக் குறுக்க, கழுத்துலருந்து கீழ. லேசர். இத நான் எத்தன பேரு நெஞ்சுல விழ வெச்சிருப்பேன், கண்ண மூடிக்கோங்கன்னு சொல்லிட்டு. நான் மூடல. "செயினக் கழட்டுனியாட்டி?" கழட்டிட்டேன், அம்மா போட்ட அந்தக் கவரிங் செயின் என் போன் கவருக்குள்ள இருக்கு. "உனக்கென்ன, கழட்டுறதுக்குத் தாலியா இருக்கு"ன்னு மைக்குல சொல்றா. அவ பழையபடி பேசுறா, நல்லது, பேசட்டும். தாலியக் கழட்டச் சொன்னா எல்லா அக்காமாரும் ஒரு பார்வ பாப்பாங்க, அந்த நெலமையிலயும், மூச்சு வாங்கிட்டு நிக்கிறப்பவும், அந்தப் பார்வைக்கு மட்டும் தெம்பு இருக்கும். கழட்ட மாட்டாங்க. அதுக்கு நாங்க ஒரு வழி வெச்சிருக்கோம், தாலிய மேல இழுத்து வாயில கடிச்சுக்கச் சொல்லிருவோம், படத்துல குறுக்க கோடு விழாது. பல்லுல தாலியக் கடிச்சுக்கிட்டு மாஸ்க்குக்கு வெளிய செயினு தொங்கக் கெடப்பாங்க, மூச்ச இழுங்கன்னா மூக்கால இழுப்பாங்க, கண்ணு ரெண்டும் மெஷின் வட்டத்த மொறைச்சுட்டு இருக்கும். எனக்குக் கடிக்க ஒண்ணும் இல்ல. நாக்கக் கடிச்சுக்கிறேன். வட்டம் கிட்ட வருது. உள்ள போறேன். மெஷினுக்குள்ள இருக்கற எக்ஸ்ரே டியூபு, அவன் சுத்த ஆரம்பிச்சுட்டான், மொதல்ல மெதுவா, அப்புறம் அரவ மில்லு மாதிரி, அப்புறம் அதுவும் இல்ல, பெரிய காத்து மாதிரி. ஸ்பீக்கர் கிளிக்குன்னுது. அப்புறம் நான் பேசுறேன். நான்! "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க." என் குரல்தான். மெஷின் வந்தப்ப இங்கிலீசுலயும் இந்திலயும் ஒரு பொம்பள பேசுவா, ஒருத்தருக்கும் புரியாது, கம்பெனிலருந்து வந்த இன்ஜினியர் அண்ணன் சொன்னாரு, உங்க குரலயே பதிஞ்சு வெச்சுக்கலாம்னு. நான் ஒரே குதி. இந்த மைக்குலதான் பேசுனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இந்த டேபிள் மேலயே ஸ்டெபினா ஏறிப் படுத்துக்கிட்டு, நாக்க வெளிய தள்ளிச் செத்தவ மாதிரி மூஞ்சிய வெச்சு என்னச் சிரிக்க வெக்கப் பாத்தா, ரெண்டு வரிய அடக்கி அடக்கிச் சொல்லிட்டேன், கடைசி வரில முடியல, 'அவ்ளோதாங்க, இப்ப மூச்ச விடலாம்'னு சொல்லி முடிக்கிறப்ப ஒரு சிரிப்பு கழண்டு விழுந்திருச்சு. திரும்பப் பதிஞ்சுக்கலாம்னு விட்டோம். விட்டது விட்டதுதான். வர்றவங்களுக்கும் அது பிடிச்சுப் போச்சு, அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டேல்ல சொல்லுதுன்னு.

"ஏட்டி! என்னட்டி செய்யுத?" ஸ்டெபினா கத்துறா. என்ன செஞ்சேன்? "வாய அசைக்க! உன் ரெக்கார்டிங்கோட சேந்து நீயும் பேசுத! பேசிட்டே எப்படிட்டி மூச்ச இழுப்ப, கிறுக்கி!" ஐயோ, ஆமா. நான் கூடவே சொல்லிட்டு இருந்திருக்கேன். மூச்ச நல்லா இழுங்கன்னு வாய்க்குள்ள சொன்னேன், சொல்லச் சொல்ல இருந்த காத்தும் வெளிய போயிருச்சு, காலி நெஞ்சோட பிடிச்சுட்டு கெடந்திருக்கேன். தெனமும் அந்த வரி வர்றப்பல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கூடவே முணுமுணுக்கறது பழக்கம், வாய் அதுபாட்டுக்கு ஓடிருச்சு. இந்த ஊர்ல யாருக்கும் வராத தப்பு, எனக்கு மட்டும்தான் வரும். "படம் முழுக்க சாம்பலா இருக்கு பாரு"ன்னு சொன்னா அவ, சொன்னதும் சட்டுன்னு நிறுத்திக்கிட்டா, ஏன்னா நான் எங்க பாக்க, நான் உள்ள கெடக்கேன். சாம்பல். பரவால்ல. அது மூச்சு விட்ட சாம்பல். பலூன்ல காத்து போயிட்டா ரப்பரு தடியாத் தெரியும்ல, அதே கதைதான், காத்து இல்லாத நுரையீரல எடுத்தா நல்லா இருக்கறவங்களுக்கும் மூடாப்பு போட்ட மாதிரித்தான் தெரியும், நானே புதுசுல ரெண்டு மூணு பேர இதுல பயமுறுத்திருக்கேன். அப்ப இது கணக்குல இல்ல. இது அழிரப்பர்ல அழிச்சாச்சு. ஆனா ஒரு சின்ன விஷயம், ஸ்டெபினா, நீ சொன்னப்ப உன் குரல் ஏன் கடைசில எறங்குச்சு? சாம்பல்னா ஒரே மாதிரி சாம்பலா, இல்ல சாம்பலுக்குள்ள சில எடத்துல இன்னும் வெள்ளையான சாம்பலா? கேக்கல. கேட்டா சொல்ல மாட்டா. டாக்டர்தான் சொல்லுவாரு, ரிப்போர்ட்டு உங்க வாட்ஸ்அப்புக்கு வந்துரும்னு சொல்லுவா. நாங்க எல்லார்ட்டயும் சொல்றது அதான். நான் அத எவ்ளோ நல்லாச் சொல்லுவேன்! மூஞ்சில ஒண்ணும் காட்டாம. மாஸ்க்கு இருக்கறது வசதி.

மறுபடியும் கிளிக். மறுபடியும் நான். மூச்ச நல்லா இழுங்க. பல்லக் கடிச்சு வாய மூடிக்கிட்டேன், இழுத்தேன். இழுக்க இழுக்க ஒரு எடத்துல நிக்குது. கதவுக்குப் பின்னால யாரோ மூட்டைய அடுக்கி வெச்ச மாதிரி, தள்ளுனா கொஞ்சம் தொறக்குது, அதுக்கு மேல இல்ல. விலாவுக்குள்ள ஊசி. இது பயத்துல வர்றதுதான். பயத்துல எல்லாருக்கும் நெஞ்சு அடைக்கும். பிடிச்சுக்கோங்கன்னு சொல்றேன். பிடிச்சிருக்கேன். நேத்து சாயங்காலம் அம்மா இறால் கம்பெனிலருந்து வந்துச்சு. இறால் உரிச்ச கைய எந்தச் சோப்பப் போட்டாலும் மணம் போகாது, எலுமிச்சம்பழத் தோல வெச்சுத் தேய்க்கும், அப்பவும் போகாது, சின்னதுலருந்து எனக்கு அம்மான்னா அந்த வாடதான், பள்ளிக்கூடத்துல ஒருத்தி மூக்கப் பொத்துனான்னு அவ ஜாமெட்ரி பாக்ஸ ஒடச்சிருக்கேன். நேத்து அம்மா வந்து நெத்தில கை வெச்சுப் பாத்துச்சு, "சுடுதா மக்கா"ன்னு கேட்டுச்சு, அந்தக் கை என் மூக்குக்கு மேல இருக்கு, ஒண்ணுமே இல்ல. கை இருக்கு, அம்மா இருக்கு, வாட இல்ல. அந்தக் கையப் பிடிச்சு மோந்து மோந்து பாத்தேன். "என்னடி நாய் மாதிரி"ன்னு அம்மா சிரிச்சுச்சு. நான் கைய விட்டுட்டுச் சட்டுன்னு எந்திரிச்சு மாடிப்படில போய் ஒக்காந்துக்கிட்டேன், அங்கயே படுத்துக்கறேன், உள்ள புழுக்கமா இருக்குன்னு சொன்னேன். போன வாரம்பூரா அம்மாகூட ஒரே ரூம்புல படுத்துட்டு. இப்ப இந்த ரூம்புலகூட ஒரு வாடயும் இல்ல. பால்துரை அண்ணன் ஒவ்வொரு ஆளும் போனதும் வந்து மருந்து அடிச்சுத் தொடைப்பாரு, கண்ணு எரியும், மூக்கு எரியும், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, இந்த மனுசன் என்னக் கொல்லத்தான் அடிக்காருன்னு கத்துவேன். இப்ப கண்ணு எரியுது. மூக்கு சும்மா இருக்கு. முடியல. விடணும். இன்னும் வரல என் குரல், ஸ்கேன் முடிஞ்சதுக்கும் அந்த வரி வர்றதுக்கும் நடுவுல ஒரு சின்ன எடவெளி உண்டு, அங்க ஒக்காந்திருந்தா தெரியவே தெரியாது, இங்க கெடந்தா, யம்மா, அது ஒரு தெரு நீளத்துக்கு இருக்கு. அவ்ளோதாங்க, இப்ப மூச்ச விடலாம், சிரிப்பு. விட்டேன். இருமுறேன். இருமல் நிக்க மாட்டேங்குது. இருமலுக்கு நடுவுல என் சிரிப்பு ஸ்பீக்கர்ல அடங்குது. என்ன பொண்ணு இவ, எதுக்கு இந்தச் சிரிப்பு.

இப்ப மைக்கு சும்மா இருக்கு. இது எனக்குப் பிடிக்கல. மைக்கு ஆன்ல இருந்தா ஒரு கொசு இரைச்சல் கேக்கும், அதுவும் இல்ல, ஆஃப் பண்ணிட்டா. தலைய லேசாச் சாய்ச்சுப் பாக்குறேன், வட்டத்துக்கு வெளிய கண்ணாடி, கண்ணாடில ஸ்டெபினாவோட ஷீல்டு, ஷீல்டுல மானிட்டர் வெளிச்சம் கறுப்பும் வெளுப்புமா ஓடுது. மவுஸ் வீல உருட்டுறா. மேல போகுது, கீழ வருது. மேல. கீழ. ஒரு எடத்துல நின்னுருச்சு. நிக்கக் கூடாது. நல்லா இருக்கற படத்துல யாரும் நிக்க மாட்டோம், ஓடி முடிச்சுட்டு அடுத்த ஆளக் கூப்புடுவோம். நின்னா எதையோ பாக்குறா. நான் எப்படிப் பாப்பேனோ அப்படிப் பாக்குறா. சரி, இப்ப என்ன செய்வா? மோசமா இருந்தா நாங்க வாயால ஒண்ணும் சொல்றதில்ல. கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும், ஆளு டேபிள்லயே ஒடஞ்சு போயிரும்னு ரெண்டு பேரும் பேசி ஒரு ஏற்பாடு வெச்சிருக்கோம். அவ ஒக்காந்திருக்கற ரூம்ல வராண்டாப் பக்கக் கதவுல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு, அதுல மோதிரத்தால ரெண்டு தட்டு. அவ்ளோதான். வெளிய பால்துரை அண்ணன் அதக் கேட்டதும் வீல்சேரத் தள்ளிட்டு இந்த ரூம் வாசலுக்கு வந்து நிப்பாரு, ஆளு வெளிய வந்ததும் சும்மா உக்காருங்கம்மா, எல்லாரையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போவோம்னு சொல்லி ஒக்கார வெச்சுருவாரு, நடந்து மூச்சு வாங்கி விழுந்துறக் கூடாதுல்ல. எல்லாரையும் இப்படித்தான். பொய்யி. அந்த வீல்சேருக்கு எடது சக்கரம் கிறீச்சுனும். எண்ணெய் விடுங்கண்ணன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன், "சத்தம் கேட்டாத்தான் வழி விடுவாக"ன்னுட்டாரு. தட்டு கேக்குதா? கேக்கல. சக்கரம் கேக்குதா? கேக்கல. வெளிய யாரோ டோக்கனுக்குச் சண்ட போடுறாங்க, அது கேக்குது.

தர்மலிங்கம் அண்ணாச்சி ஞாபகம் எதுக்கு இப்ப. வேண்டாம். வருது. முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துல மேஸ்திரி, பெரிய ஒடம்பு, போன வருசம் ஆரம்பத்துல, ஊருக்குள்ள கொரோனாவே வராதப்ப, விலா எலும்புல அடின்னு வந்தாரு. பாதி ஸ்கேன்ல அவரு காலு நகந்துட்டதுன்னு ஸ்டெபினா ஸ்டாப்ப அமுக்கிட்டா. பாதியில நிறுத்துனா அந்தக் கடைசி வரி வராது. நாங்க ரெண்டு பேரும் வேற எதையோ பேசிட்டு இருக்கோம், திரும்பிப் பாத்தா மனுசன் கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணு ரெண்டும் செவந்து, வெரப்பாக் கெடக்காரு. ஓடிப்போய் மைக்குல "அண்ணாச்சி விடுங்க, மூச்ச விடுங்க"ன்னா, புஸ்ஸுனு விட்டுட்டு, "அந்தப் புள்ள விடச் சொல்லலியேம்மா"ங்காரு. ஒரு வாரம் சிரிச்சோம் அதுக்கு. என்ன நெஞ்சு அது! அவரு படத்தப் பாத்தேன், ராத்திரி வானம். இந்த மாசம் வந்தாரு. நடந்துதான் வந்தாரு. "அந்தச் சிரிக்கிற புள்ள இருக்கா?"ன்னு கேட்டாரு. நான்தான் அண்ணாச்சின்னு சொல்றதுக்குள்ள மூச்சு வாங்கிட்டாரு. மூச்ச நல்லா இழுங்கன்னு நான் சொன்னேன், ஸ்பீக்கர்ல, அவரு இழுத்த உடனே விட்டுட்டாரு, மறுபடி, மறுபடி. படத்துல மரம் இல்ல, ராத்திரி இல்ல, கோயில் பிரகாரத்துல கல்லு பதிச்சிருப்பாங்களே, கல்லுக்குக் கல்லு நடுவுல சுண்ணாம்புக் கோடு, அப்படித் தளம் போட்டு மூடிருந்துச்சு. போறப்ப வீல்சேர்ல ஒக்காந்துட்டு, "இந்தத் தடவ பிடிக்க முடியலம்மா"ன்னு மன்னிப்புக் கேக்குற மாதிரிச் சொன்னாரு. ரிப்போர்ட்ட அவரு நம்பருக்கு நான்தான் அனுப்புனேன். ரெண்டு டிக் விழுந்துச்சு. நீலமாகல. நான் அப்பப்ப எடுத்துப் பாப்பேன், நீலமாயிருச்சான்னு. இன்னைக்குக் காலைலயும் பாத்தேன். ஆகல.

கொசு இரைச்சல். மைக்கு ஆன். "மாரி." கனி எங்க போச்சு? மாரிக்கனின்னு முழுசாக் கூப்புடுவா, கோவம் வந்தா ஏட்டி, பாசம் வந்தா கனி, வெறும் மாரின்னு இவ்வளவு நாள்ல கூப்பிட்டதே இல்ல. "என்னட்டி?" "ஒண்ணுமில்ல. குப்புறப் படு." குப்புறவா? "ஏன்?" "படுன்னா படேன். உனக்குத் தெரியாததா?" தெரியும். அதான். எனக்குத் தெரியாத எதையாவது சொல்லு ஸ்டெபினா. மல்லாக்கப் படுத்தா பாரம் எல்லாம் முதுகுப் பக்கம் எறங்கும், ரத்தம் அங்கதான் தேங்கும், அங்க லேசாப் புகை மாதிரித் தெரியும், நல்ல நெஞ்சுலயும் தெரியும். சந்தேகம்னா குப்புறப் போட்டு இன்னொரு தடவ எடுப்போம். பாரத்தால வந்த புகைன்னா அது முன்பக்கமா எறங்கிரும், முதுகு கறுத்துரும். வைரஸ் புகைன்னா எறங்காது, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒட்டுன எடத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்ப என் முதுகுல புகை இருக்கு. இருக்குன்னா லேசாத்தான் இருக்கு, ஏன்னா நெறைய இருந்தா யாரும் திருப்பிப் போட்டுப் பாக்க மாட்டோம், வெள்ள வெளேர்னு இருக்கறப்ப எதுக்குத் திருப்பணும். சந்தேகம் இருக்கறதாலதான் திருப்புறா. சந்தேகம் நல்லது. மாரிக்கனி, சந்தேகம் நல்லதுட்டி, பாதிக்குப் பாதி கறுப்பு. கை ரெண்டையும் கீழ எறக்கி, பொரண்டு, டேபிள் சின்னது, விழுந்துருவேன் போல, பொரண்டதுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. இது சோம்பேறித்தனம், மூணு வேளையும் ஒக்காந்தே வேல பாத்தா இப்படித்தான். இல்லன்னா இப்படியும் இருக்கலாம், வெள்ளையாத்தான் இருக்கு, ஸ்டெபினாவுக்குச் சொல்லத் தெரியல, கையில வேல எதாவது இருக்கட்டும்னு திருப்பிப் போடுறா. நானா இருந்தா அதச் செய்வேன். அவ டேபிள்ல கெடந்து நான் அங்க ஒக்காந்திருந்தா, கண்டிப்பாத் திருப்பிப் போடுவேன், இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுறதுக்கு. குப்புற. பெரியாஸ்பத்திரிக்குள்ள எல்லாரையும் குப்புறத்தான் போட்டிருக்காங்களாம், அப்படிப் படுத்தா மூச்சு ஏறுதாம், வாட்ஸ்அப்ல வந்த வீடியோவுல வரிசையா முதுகு, முதுகு, முதுகு, ஒருத்தர் மூஞ்சியும் தெரியல, சொந்தக்காரங்க எப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பாங்களோ. நானும் இப்ப ஒரு முதுகு.

மூஞ்சி ரெக்சின்ல அழுந்திருக்கு. ஒண்ணும் தெரியல, கறுப்பு, நல்லது. எத்தனையோ பேரு வேர்வையும் எச்சியும் தொடச்ச ரெக்சின், வாட வரணும், வரல. காது மட்டும்தான் இருக்கு. "ரெடியாட்டி?" ஏட்டி வந்திருச்சு! "ரெடி." "வாய அசைக்காம கெட, உன் கச்சேரிய அப்புறம் வெச்சுக்கலாம்." பாத்தியா, கிண்டல் பண்ணிட்டா, ஒண்ணுமில்ல, ஒண்ணும் இருக்காது, சாயங்காலம் பஜார்ல ரோஸ்மில்க் வாங்கித் தரச் சொல்லணும். ஆனா கிண்டல் பண்றப்ப அவ மூக்கு உறிஞ்சுன சத்தம் கேட்டுச்சா? மைக்கு சத்தம்தான். ஏசி குளிரு. டேபிள் உள்ள போகுது. சுத்துறான். கிளிக். மூச்ச நல்லா இழுங்க. இழுக்கறேன், இந்தத் தடவ முழுசா, அந்த மூட்டையெல்லாம் தள்ளிக்கிட்டு, ஊசி குத்துனாக் குத்தட்டும். அப்படியே பிடிச்சுக்கோங்க. பிடிச்சுட்டேன் அண்ணாச்சி, நான் பிடிச்சுட்டேன் பாருங்க. எறங்கு. புகையே, எறங்கு. முன்னால வா. அம்மா சாப்பாட்டுக்குப் போன் பண்ணிருக்கும், எடுக்கலன்னா திருப்பித் திருப்பி அடிக்கும், சாப்பிட்டியா மக்கா, என்ன குழம்பு. அம்மாவுக்கு இறால் வாட தெரியுதான்னு இன்னைக்குக் கேக்கணும். கேக்கணுமா? எறங்கு, எறங்கு, ஒரு தடவ கறுத்துரு. இப்ப அவ மானிட்டர்ல என் முதுகு ஒவ்வொரு துண்டா வந்துட்டு இருக்கும், மெஷின் சுத்தச் சுத்த வரும், மேலருந்து கீழ, கழுத்து, தோளு, மரம், மரத்தோட கிளை. சுத்துறது எறங்குது. காத்துச் சத்தம் அரவ மில்லாகுது. முடிஞ்சிருச்சு, இப்ப அந்த எடவெளி, தெரு நீளம். மூச்சப் பிடிச்சிருந்தா காது எவ்ளோ தூரம் கேக்குது. ஏசி கேக்குது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி பின்னால நகந்தது கேக்குது. செருப்பு, ரெண்டு மூணு எட்டு. அப்புறம் டொக். டொக். இல்ல. அது வேற எதாவது. கதவச் சாத்துற சத்தம், பேனா விழுந்த சத்தம். அடுத்த பேஷன்டுக்கா இருக்கும், அடுத்து யாரோ முடியாத ஆளு வந்திருப்பாங்க. வராண்டால கிறீச். நின்னுச்சு. கிறீச், கிறீச், வழி விடுங்க வழி விடுங்கன்னு பால்துரை அண்ணன் குரல், கிட்ட வருது, டோக்கன் சண்டையத் தாண்டி, பெஞ்சத் தாண்டி, தண்ணிக் கேனத் தாண்டி, இந்தக் கதவுக்கு வெளிய வந்து நிக்குது. உள்ள என்னத் தவிர யாரும் இல்ல. "யாருக்கும்மா?"ன்னு பால்துரை அண்ணன் கேக்காரு. "ஏம்மா, யாருக்குன்னு கேக்கேன்ல?" ஸ்பீக்கர் கிளிக்குன்னுது, நான் பேசுறேன், நல்ல தெளிவா, நெஞ்சு நெறையக் காத்தோட, "அவ்ளோதாங்க. இப்ப மூச்ச விடலாம்." சொல்லிட்டுச் சிரிக்கிறேன்.